வைசரில் வைத்த சந்தனம்

அத்தியாயம் 17

ஷட்டர் முட்டி உயரம் ஏறியது. இடுப்பு உயரம் வந்தது. ஆள் உயரம் தாண்டியதும் மணிமேகலை சுவர் சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள். அவ்வளவுதான், போன வேகத்திலேயே கடகடவென்று இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டது.

மறுபடி அமுக்கினாள். ஏறியது. விரலை எடுத்தாள். இறங்கியது.

“சனியன் புடிச்சது!” என்றாள் வாய்விட்டு. விஜயதசமியும் அதுவுமாக அவள் வாயில் வந்த முதல் நல்ல வார்த்தை இதுதான்.

காருக்குப் பின்னால், உள்கூடத்து வாசற்படி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாதவராஜ் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். கையில் இருந்தது பழைய பேப்பர். ஆயுத பூஜைக்கு அச்சாபீசெல்லாம் லீவு, இன்றைக்குப் பேப்பர் வராது. அது தெரிந்தும் மனுஷர் ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார்.

“என்னாவாம் அதுக்கு?”

“தெரியலீங்க. ஏறுது, எறங்குது.”

“ஹூம்” என்று பேப்பருக்குள் போய்விட்டார்.

பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் மாதவராஜ் வீடு எது என்று கேட்டால், “ஷட்டர் வூடா?” என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். முன்பக்கம் முழுக்க ஒரு காலத்தில் உரக்கடை. கடை பஸ் நிலையத்துப் பக்கம் இடம் மாறியதும் அந்த இடத்தில் கார் வந்து நின்றது. கடைக்குப் போட்ட ஷட்டரே வீட்டுக்கு முன்வாசலாகிவிட்டது. பக்கத்துச் சந்தில் ஒரு பின்கதவு உண்டு. பால், காய்கறி, அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் அந்த வழியாகத்தான். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்ட வருஷம் ஷட்டருக்கு மோட்டார் வைத்தார்கள். மோட்டாரோடு ஒரு ரிமோட் வந்தது. அதை அவர் சாவிக்கொத்தோடு சேர்த்து அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டு முன்வாசல் அவர் இடுப்பில்தான் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பின்கதவு வழியாகத்தான் அவர்கள் மகள் பிரியதர்ஷினி போனாள். பென்னாகரம் பக்கத்து ஆண்டோவோடு போய், அவன் ஊர் சர்ச்சில் தாலி கட்டிக்கொண்டாள். மறுநாள் காலையில் மாதவராஜ் தெருவே பார்க்க ஷட்டர் முன்னால் நின்று சொன்னார்: “இனிமே அவளுக்கு என் கையால இந்த வாசலைத் தொறக்க மாட்டேன்.” சொன்னதோடு நிற்கவில்லை. கற்பூரம் ஏற்றி அணைத்தும் விட்டார். பேத்திக்கு இப்போது பத்து மாசம். அவர் முகம் பார்த்ததில்லை.

இந்த வருஷத் தொடக்கத்தில் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. ஸ்டியரிங் பிடிக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் மணிமேகலை, நாற்பத்தெட்டு வயசில், ‘எல்’ போர்டு மாட்டிக்கொண்டு கார் பழகினாள். ஓட்டுவது வந்துவிட்டது. ஓட்டிவிட்டுத் திரும்பி வருவதுதான் வரவில்லை. வெளியே போக உள்ளே சுவரில் சுவிட்ச் இருக்கிறது. திரும்பும்போது காரை நடுத்தெருவில் விட்டுவிட்டுச் சந்து வழியாக ஓடவும் முடியாது; அங்கேயே நிறுத்தி, ஹாரன் அடித்து, போன் போட்டு, அவர் எழுந்து இடுப்பைத் தடவி அமுக்குகிற வரைக்கும் பின்னால் வருகிற டவுன் பஸ்காரனிடம் திட்டு வாங்கவேண்டும். இன்னொரு ரிமோட் வாங்கலாம் என்றால், “ஒரு வூட்டுக்கு எத்தனை சாவி?” என்பார்.

போன வாரம் அவள் ஒரு காரியம் செய்தாள். தர்மபுரியில் கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் ரஞ்சித்குமாரிடம், சர்வீஸ் என்று சொல்லிக் காரை விட்டாள். அவன் புது ரிமோட் ஒன்றைப் பிரித்து, உள்ளே இருந்த போர்டை மட்டும் எடுத்து, டிரைவர் பக்கத்து சன் வைசருக்குள் பதித்தான். வெயிலுக்கு மடக்கி இறக்குகிற அந்தத் தட்டிதான். கூரை விளக்கிலிருந்து ஒயர் இழுத்ததால் செல்லும் மாற்ற வேண்டாம். ஏற, நிற்க, இறங்க என்று மூன்று குட்டி பட்டன்கள். தட்டியை மேலே மடக்கிவிட்டால் பட்டன்கள் கூரைப் பக்கம் மறைந்துவிடும். கீழே இறக்கினால்தான் கண்ணில் படும். மாதவராஜ் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ரஞ்சித்குமார் வந்து மோட்டாரோடு அதைச் சேர்த்தும் வைத்துவிட்டான்.

எல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான். பிரியதர்ஷினி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

“இந்த ஒரு தரம்தான்மா கேப்பேன்” என்றிருந்தாள் போனில். “விஜயதசமிக்குப் பாப்பாவைக் கூட்டிட்டு வரேன். ஆனா சந்து வழியா வரமாட்டேன். அது வழியா ஓடிப்போனவன்னு பேரு வாங்கினது போதும். நீயே வந்து கூட்டிட்டுப் போ. முன்வாசல்ல கார்ல வந்து எறங்கறேன். இல்லைன்னா வுட்டுடு, இனிமே நான் கேக்கவே மாட்டேன்.”

பத்து மணிக்குப் பென்னாகரம் பஸ் நிலையத்தில் நிற்பார்கள். ஒன்பதரைக்கெல்லாம் காரை எடுத்திருக்கவேண்டும். ஒன்பதரை தாண்டிவிட்டது. கார் மாலையும் வாழைக்கன்றுமாக ஷட்டருக்குள் நின்றுகொண்டிருந்தது, கல்யாணத்தன்று மண்டபம் பூட்டிக் கிடக்கிற மாதிரி.

* * *

ரஞ்சித்குமார் போனை எடுத்தபோது பின்னால் ஒரே சத்தம்.

“அக்கா, சொல்லுங்க்கா! சத்தமா சொல்லுங்க, அருவி சத்தத்துல ஒண்ணும் கேக்கல!”

“எங்கப்பா இருக்க?”

“ஒகேனக்கல்லு! பசங்களோட வந்தேன். மீன் வறுவல் சொல்லிட்டு உக்காந்திருக்கோம்.”

மணிமேகலை பின்கதவுப் பக்கம் ஒதுங்கி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். வைசர் பேச்சு புருஷன் காதில் விழக் கூடாதே.

“சுவிட்சை அமுக்கினா ஏறுதா? வுட்டா எறங்குதா?” ரஞ்சித்குமார் யோசித்தான். யோசிக்கிற சத்தம்கூட அவனுக்குச் சத்தமாகத்தான் வரும். “மோட்டார் போர்டு போயிருக்கும்க்கா. கன்பார்மா அதான். நாளைக்கு வந்து பாத்துடறேன்.”

“நாளைக்கா? இப்பவே வண்டி வெளிய போகணும்பா!”

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. மெயினை அணைச்சுட்டு, பக்கத்துல சங்கிலி தொங்கும் பாருங்க, அதைப் புடிச்சு இழுங்க. கரன்ட்டே வேணாம், கையாலயே ஏறிடும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். சங்கிலி தொங்குகிற இடத்தில் வெறும் கொக்கிதான் இருந்தது.

“சங்கிலியைக் காணமே.”

அருவிச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் இறங்கியது.

“ஆமாங்க்கா... அது கார் மேல உரசுதுன்னு அன்னிக்கு நான்தான் கழட்டினேன். ரப்பர் போட்டுத் தரலாம்னு.”

“எங்க இருக்குது?”

“கடையில இருக்குங்க்கா. கடை பூட்டி இருக்கு. சாவி எங்கிட்ட இருக்கு.” பிறகு, ஏதோ பெரிய உபகாரம் செய்கிற குரலில், “சாப்ட்டுட்டுக் கிளம்பிடறேன்க்கா” என்றான்.

ஒகேனக்கல்லில் மீன் தின்றுவிட்டு, தர்மபுரி போய்க் கடையைத் திறந்து, சங்கிலியை எடுத்துக்கொண்டு பாப்பாரப்பட்டிக்கு அவன் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மணிமேகலை போனை வைத்தாள். அவனை நாலு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று வைத்த பிறகுதான் தோன்றியது.

உடனே மணி அடித்தது. பிரியதர்ஷினி.

“அம்மா, கிளம்பிட்டியா? நாங்க பஸ் ஸ்டாண்டு வந்துட்டோம்.”

“இதோ கிளம்பிட்டே இருக்கேன்டா கண்ணு. ஷட்டர்தான் கொஞ்சம்...”

“ஷட்டருக்கு என்னா?”

“ஒண்ணுமில்ல. வந்துடறேன்.”

எதிர்முனையில் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிரியதர்ஷினிக்குப் புரிந்துபோயிற்று என்று மணிமேகலைக்கும் புரிந்தது. புரிந்தது தப்பாக இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கே அதே சந்தேகம்தான்.

* * *

அவள் நேராகப் போய் மாதவராஜ் முன்னால் நின்றாள்.

“நீங்கதானே அமுக்கறீங்க?”

“என்னாத்தை?”

“இடுப்புல இருக்கறதை. நான் ஏத்த ஏத்த நீங்க எறக்கறீங்க. சின்னப் புள்ளையா நீங்க? வேணாம்னா வேணாம்னு வாயால சொல்லுங்க. காலையில நான் சொன்னப்போ ‘போ’ன்னுதானே சொன்னீங்க?”

“போன்னு சொன்னேன். இப்பவும் போன்னுதான் சொல்றேன்.”

“அப்புறம் எதுக்கு இந்த வேலை?”

மாதவராஜ் பேப்பரை மடித்தார். மெதுவாக எழுந்தார். வேட்டியைத் தளர்த்தி, அரைஞாண் கயிற்றிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். ரிமோட்டின் பின்மூடியை நகத்தால் நெம்பினார். பொத்தான் மாதிரி இருந்த செல் கீழே விழுந்து உருண்டு காருக்கு அடியில் போயிற்று. காலி ரிமோட்டைச் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவர் மாடத்தில் டக்கென்று வைத்தார்.

“போய் ஏத்து இப்போ.”

ஏற்றினாள். ஏறியது. விரலை எடுத்தாள். கடகடவென்று இறங்கியது.

மாதவராஜ் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அநியாயமாகச் சொல்லிவிட்டோமே என்று ஒரு பக்கம், பத்தே கால் ஆகிவிட்டதே என்று இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து எரிச்சலாகத்தான் வெளியே வந்தது.

“சரி, நான்தான் தப்பா சொல்லிட்டேன். ஒரு உதவி பண்ணுங்க. சுவிட்சை அமுக்கிப் புடிச்சா ஷட்டர் மேலயே நிக்குது. நீங்க கொஞ்சம் புடிச்சிட்டு நின்னா நான் வண்டியை வெளிய எடுத்துடுவேன். ஒரு நிமிஷம்தான்.”

“எங்க போற?”

“தெரிஞ்சுட்டே கேக்கறீங்க.”

“அதான். தெரிஞ்சுட்டே நான் எப்படிப் புடிக்கிறது? கற்பூரம் அணைச்சவன் நான்.”

“கற்பூரம்! இப்ப வண்டிதானே வெளிய போகுது? அவ உள்ள வரலையே!”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“சுவிட்சுதாங்க அது. ஒரு விரலு.”

“விரலு கையிலதானே இருக்கு?”

மணிமேகலைக்கு அந்த இடத்தில் உட்கார்ந்து ஓவென்று அழவேண்டும் போல இருந்தது. அழுவதற்கும் நேரமில்லை. தெருவில் யாரையாவது கூப்பிடலாம். தெரு முழுக்க நேற்று உடைத்த பூசணிக்காய்தான் கிடந்தது. கடைகள் எல்லாம் பூட்டு. சந்து வழியாகப் போய் யாரையாவது எழுப்பி அழைத்து வந்தால், எதற்கு என்று கேட்பார்கள். ‘மக வராளா? மாதவராஜு ஒத்துக்கிட்டாரா?’

ஒட்டடைக் கொம்பை எடுத்து வந்தாள். ஒரு முனையைச் சுவிட்சில் வைத்து, மறுமுனையைக் கார் சக்கரத்தில் முட்டுக் கொடுத்தாள். ஷட்டர் ஏறியது, நின்றது. ஓடிப் போய்க் காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். வண்டி உறுமி அசைந்ததுதான் தாமதம், கொம்பு வழுக்கிக் கீழே விழுந்தது. ஷட்டரும் இறங்கிவிட்டது. சக்கரம் நகர்ந்தால் முட்டு எப்படி நிற்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

மாதவராஜ் பேப்பருக்குப் பின்னால் இருமினார். சிரிப்பை இருமலாக மாற்றுகிற வித்தை அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்தே உண்டு.

“சிரிங்க! நல்லா சிரிங்க!” என்று காருக்குள் இருந்தபடியே கத்தினாள்.

மறுபடி போன். இந்தத் தடவை பிரியதர்ஷினி குரல் தணிந்திருந்தது. அவள் கோபம் உச்சத்துக்குப் போனால் அப்படித்தான் தணியும். அப்பாவிடமிருந்து வந்தது.

“அம்மா, உண்மையைச் சொல்லு. அவர் வுடலதானே?”

“இல்லடி, அவர் ஒண்ணும் பண்ணல. மோட்டாரு...”

“ரெண்டு வருஷமா நீயும் இதையேதான்மா சொல்ற. அவருக்கு முதுகு வலி, அவருக்குத் தலைசுத்தல், இப்ப மோட்டாருக்கு வலி. பாப்பா வெயில்ல சிணுங்குது. ஆண்டோ எவ்வளவு நேரம்தான் தூக்கிட்டு நிப்பாரு?”

“இன்னும் கொஞ்ச நேரம் இருடி. எப்படியும் வந்துடறேன்.”

“பாத்துக்கறேன்” என்று வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

* * *

ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மணிமேகலை உட்கார்ந்திருந்தாள். நேற்று சாயங்காலம் அவளே வைத்த பொட்டு ஸ்டியரிங் நடுவில் காய்ந்து வெடித்திருந்தது. நாலு சக்கரம், பானெட், ஹெட்லைட், ஸ்டியரிங் என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தவளிடம், “நீ போய் சுண்டலை எறக்கு, மீதியை நான் பாத்துக்கறேன்” என்று கிண்ணத்தை அவர் வாங்கிக்கொண்டார். அவள் உள்ளே போய்விட்டாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? பெண் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள், அல்லது கோபித்துக்கொண்டு போயே விட்டாள். வைசரில் இருக்கிற பட்டன் வேலை செய்தாலும் செய்யும். அவர் கண் முன்னாலேயே இறக்கி அமுக்கிவிடுவது என்று முடிவு செய்தாள். பார்த்தால் பார்க்கட்டும். என்ன சொல்வார்? இரண்டு வருஷமாக என்ன சொல்லாமல் விட்டார்?

கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே தலைக்கு மேல் கையைத் தூக்கி வைசரைப் படாரென்று இறக்கினாள்.

ஏதோ பொடிப் பொடியாக மடியில் உதிர்ந்தது.

சந்தனம். மூன்று பட்டன் மேலும் மூன்று பெரிய சந்தன உருண்டைகள், நடுவில் குங்குமம். அதுவும் சாதாரணப் பொட்டு இல்லை. இட்லிக்கு மாவு வைக்கிற மாதிரி தாராளமாக அள்ளி, கட்டை விரலால் அழுத்தி வைத்தது. விரல் ரேகை அப்படியே காய்ந்திருந்தது. கடைசி பட்டன் மேல் இருந்தது கல்லாக இறுகி, தட்டியை மடக்கும்போது கூரையில் முட்டி நசுங்கியிருந்தது. மேலே கூரைத் துணியிலும் அதே இடத்தில் ஒரு மஞ்சள் வட்டம்.

அவளுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. மடக்கி வைத்த தட்டி கூரையோடு ஒட்டி நிற்கிறது. சந்தன உருண்டை நடுவில் மாட்டிக்கொண்டு ‘இறங்கு’ பட்டனை நேற்று ராத்திரி முழுக்க அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் ஏற்ற ஏற்ற அது இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மோட்டாரும் போகவில்லை, போர்டும் போகவில்லை.

காரை விட்டு இறங்கினாள். உதிர்ந்த சந்தனத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“இது யார் வெச்சது?”

மாதவராஜ் பேப்பரை இறக்கவில்லை. “எது?”

“வெயில் தட்டிக்கு உள்பக்கம் சந்தனம் வெச்சது யாரு? இறக்கிப் பாக்காம அங்க யாரும் வைக்க முடியாது.”

பேப்பர் ஒரு பக்கம் புரண்டது.

“நேத்து சும்மா உக்காந்து பாத்தேன்” என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து. “ஸ்டியரிங்கைத் தொட்டு எத்தனையோ மாசம் ஆச்சு. ஓட்டல, வெறுமனே உக்காந்தேன். பழக்க தோசத்துல தட்டியை எறக்கினேன். பாத்தா உன் வேலை.”

“பாத்துட்டு?”

“பாத்துட்டு என்னா? வண்டியில இருக்கற எல்லாத்துக்கும் வெச்சோம். அதுக்கு மட்டும் வெக்காம வுடறதா? ஆயுதம்னா எல்லாம் ஆயுதம்தான்.”

“ஏன் எங்கிட்ட கேக்கல?”

“நீ எங்கிட்ட கேட்டா வெச்ச?”

அவர் பேப்பரை மடியில் போட்டார். முகத்தில் கோபம் இல்லை. மாட்டிக்கொண்டவன் முழிக்கிற முழி.

“என் கையால தொறக்க மாட்டேன்னுதான் நான் சொன்னேன். உன் கையால தொறக்காதேன்னு என்னிக்காவது சொன்னனா?”

மணிமேகலை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக அந்தச் சபதத்துக்குள் இப்படி ஒரு சந்து இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், ஒரு வார்த்தை சொல்லாமல், அவளே ஒரு வழி கண்டுபிடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார். கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்ததும் சந்தனம் வைத்திருக்கிறார். வைத்த சந்தனத்தாலேயே கெடுத்தும் வைத்திருக்கிறார்.

“உங்களை என்னா பண்றதுன்னே எனக்குத் தெரியல” என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இதை நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் புள்ள வெயில்ல நின்னிருக்குமா? நான் உங்களைத் திருடன் மாதிரி கேட்டிருப்பேனா? ஒரு வார்த்தைங்க! வாயைத் தொறக்கவும் கற்பூரம் அணைச்சிருக்கீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கொஞ்சம் கம்மியா வெச்சிருக்கலாம்” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று வீம்பாகத் திரும்பிக்கொண்டாள். மறுபடி காரில் ஏறி, ஜாக்கெட்டிலிருந்த ஊக்கைக் கழற்றி, பட்டன் இடுக்கெல்லாம் நோண்டி, சந்தனத்தைச் சுரண்டி எடுத்தாள். ஏறு பட்டன் மேல் மட்டும் ஒரு துளி குங்குமத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தாள்.

அமுக்கினாள்.

ஷட்டர் ஏறியது. தலைக்கு மேலே போய்ச் சுருண்டு நின்றது. இறங்கவில்லை. தெரு வெளிச்சம் கார் முழுக்க விழுந்தது.

* * *

வெளியே வந்ததும் அவள் செய்த முதல் காரியம், இறங்கு பட்டனை அமுக்கியதுதான். வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே மனுஷர் இருக்கிறார், ஷட்டர் திறந்து கிடந்தால் குடி முழுகிவிடாது. ஆனாலும் இத்தனை நாள் ஹாரன் அடித்துக் கெஞ்சின கைக்கு அந்த ஆசை இருந்தது. கண்ணாடியில் பார்த்தாள். ஷட்டர் சமர்த்தாக இறங்கி மூடிக்கொண்டது. வாழைக்கன்று காற்றில் ஆட, பென்னாகரம் ரோட்டில் வண்டியைத் திருப்பினாள்.

ரோட்டோரச் சாமந்தித் தோட்டத்தில் பூப் பறித்து முடித்து செடிகள் மொட்டையாக நின்றன. எதிரே டவுன் பஸ் ஒன்று, முன்னால் மாவிலையும் மாலையுமாக, ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. ஒதுங்கி வழி விட்டாள். பதட்டத்தில் இரண்டு தடவை கியரை மாற்றிப் போட்டாள். பிரியதர்ஷினிக்குப் போட்ட போன் எடுக்கப்படவே இல்லை.

பாதி தூரம் தாண்டி, புளியமரத்தடியில் வரும்போது போன் அடித்தது. ஓரம் கட்டினாள்.

“அம்மா, எங்கம்மா இருக்க?”

“வந்துட்டேன்டி! பாதி தூரம் வந்துட்டேன். அங்கேயே இருங்க!”

“பாதி தூரமா? நாங்க வூட்டு முன்னாடி நிக்கறோம்மா!”

“எந்த வூட்டு முன்னாடி?”

“நம்ம வூடுதான். நீ வரமாட்டேன்னு நெனச்சேன். ஆண்டோதான் சொன்னாரு, ‘அவங்க வரலைன்னா என்னா, நாம போலாம்’னு. பஸ் ஏறிட்டோம். பஸ்ல சிக்னலே இல்ல. இங்க வந்து பாத்தா ஷட்டர் மூடி இருக்கு.”

மணிமேகலை நெற்றியில் அடித்துக்கொண்டாள். மாவிலை கட்டின டவுன் பஸ். வழி வேறு விட்டாளே! ஷட்டரை வேறு ஆசை ஆசையாக மூடிவிட்டு வந்தாளே!

“சந்து வழியா போயேன்டி, கதவு சாத்திதான் இருக்கும், தாழ்ப்பாள் போடல.”

“மாட்டேன்.”

“பிரியா, சொன்னா கேளு.”

“மாட்டேன்மா. இவ்வளவு தூரம் வந்துட்டேன். முன்வாசல்லதான் நிப்பேன். தொறந்தா தொறக்கட்டும்.” பிறகு சட்டென்று குரல் மாறியது. “அம்மா... இரு. ஏறுது.”

“என்னாது ஏறுது?”

“ஷட்டரு!”

அவள் கை தானாக வைசருக்குப் போயிற்று. அவள் ஒன்றையும் தொடவில்லை. ரிமோட் செல் கார் நின்ற இடத்தில் எங்கேயோ தரையில் கிடக்கிறது. மிச்சமிருப்பது சுவர் சுவிட்ச். அதற்கு விரல் வேண்டும். விரல் கையில்தான் இருக்கிறது என்று சொன்னவர் அவர்.

“நின்னுடுச்சும்மா. இடுப்பு உயரத்துல நின்னுடுச்சு.” பிரியதர்ஷினி மூச்சு வாங்கினாள். “அப்பா கால் தெரியுது. சுவர் பக்கம் நிக்கறாரு. கையில நம்ம ஒட்டடைக் கொம்பு. அதை வெச்சு எதையோ குத்திட்டிருக்காரு. என்னாம்மா பண்றாரு இவரு?”

மணிமேகலைக்குப் புரிந்தது. கையால் தொடவில்லை, கொம்பால்தான் தொடுகிறார். கற்பூரத்துக்கும் பாதகமில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“உள்ள போடி” என்றாள் கடைசியில். “அது கொம்பு, சுவிட்சுல நிக்காம வழுக்கும், அவ்வளவுதான் ஏத்தும். குனிஞ்சு உள்ள போயிடு.”

“குனிஞ்சா?” மகளின் குரல் மறுபடி தணிந்தது. “குனிஞ்சு நான் எதுக்கும்மா போகணும்? முழுசா ஏத்தச் சொல்லு அவரை. கையால ஏத்தச் சொல்லு.”

“பிரியா!”

“ஏறினா வரேன். இல்லைன்னா அடுத்த பஸ்.”

ஷட்டருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டமாட்டேன் என்று ஒருவர். இந்தப் பக்கம் தலையைக் குனியமாட்டேன் என்று ஒருத்தி. அப்பனும் மகளும் ஒரே அச்சு. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சந்து. ஒழுங்காகத் திறக்கிற பட்டனோ புளியமரத்தடியில், அவள் தலைக்கு மேல். உபயோகமில்லை என்று தெரிந்தும் வைசரை இறக்கி, குங்குமம் ஒட்டியிருந்த அந்தப் பட்டனை விரல் வலிக்க அமுக்கினாள். பிறகு வண்டியை வந்த வழிக்குத் திருப்பினாள்.

“நான் வர வரைக்கும் அங்கேயே நில்லு. கேக்குதா? அடுத்த பஸ் கிஸ்ஸுன்னு எதுவும் ஏறிடாத!”

பிரியதர்ஷினி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆண்டோ, பாப்பாவைப் புடிங்க... எறங்கணும்னு துள்றா... ஐயோ, கீழ வுடாதீங்க, உள்ள தவழ்ந்து போயிடுவா! பாப்பா! ஏய், பாப்பா!”